படமும் பாட்டும் இசையும்: குழந்தைக்கு எந்தப் புத்தகத்தை முதலில் எடுக்கலாம்?

மேற்கத்திய செவ்வியல் இசையைக் குழந்தைக்குப் படப் புத்தகம் வழியாக அறிமுகப்படுத்த நினைத்தால் மூன்று படைப்புகள் அடிக்கடி கண்ணில் படும்: சான்-சான்ஸின் ‘விலங்குகளின் திருவிழா’, புரோகோஃபியெவின் ‘பீட்டரும் ஓநாயும்’, விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’. மூன்றுமே அருமையான இசை. ஆனால் அதில் வரும் சொற்கள் இசையோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன்.

சின்னக் குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம், விலங்குகளின் திருவிழாதான். 1886இல் எழுதிய இந்த இசையில் 14 துண்டுகள், மொத்தமே ஏறக்குறைய 25 நிமிடம், சில துண்டுகள் ஒரு நிமிடம்கூட வராது. ஒரு பக்கத்துக்கு ஒரு விலங்கு, சின்னதாக ஒரு பாட்டு, பிறகு இசை என்று குழந்தையின் பொறுமைக்குள் அடங்கிவிடும். யானைக்கு டபுள் பாஸ் என்னும் கனத்த குரல் நரம்பு வாத்தியம், அன்னத்துக்கு அதைவிடச் சிறிய செல்லோ, புதைபடிவ எலும்புகளுக்கு மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலோஃபோன். ஆமைக்கு சான்-சான்ஸ் செய்திருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஓஃபன்பாக் என்ற இசையமைப்பாளரின் துள்ளலான கான்-கான் நடன மெட்டை எடுத்து, ஊர்ந்து போகும் வேகத்துக்கு இழுத்துவிட்டிருக்கிறார். முதலில் அசல் மெட்டைப் போட்டு ஆடவிட்டு, அப்புறம் ஆமையைப் போடுங்கள். வேகம் மாறினால் இசையே வேறாகிவிடும் என்பதை வாயால் விளக்கத் தேவையே இருக்காது.

இதில் இன்னொரு வசதி, சான்-சான்ஸ் இதற்கு ஒரு வரிகூடப் பாட்டு எழுதவில்லை. அமெரிக்கக் கவிஞர் ஆக்டன் நாஷ் இந்த இசைக்கு எழுதிய வேடிக்கைக் கவிதைகள் 1949இல்தான் வந்தன, அவற்றில் பல சிரிப்புகள் பெரியவர்களுக்கானவை. அதனால் கையில் கிடைத்த புத்தகத்தின் பாட்டு குழந்தைக்கு ஒட்டவில்லை என்றால் நீங்களே தமிழில் நாலு வரி கட்டிச் சொல்லலாம், இசைக்கு எந்தக் குறையும் வராது.

பீட்டரும் ஓநாயும் அப்படி இல்லை. 1936இல் குழந்தைகளுக்காகவே புரோகோஃபியெவ் எழுதியது, கதையும் அவருடையதே. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்கு பஸ்ஸூன் (மூன்றும் ஊதும் மரக்குழல்கள்), ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள் (பித்தளை ஊதுகொம்புகள்), பீட்டருக்கு நரம்பு வாத்தியங்கள். வாத்தியங்களின் குரலைப் பிரித்து அறியப் பழக்க இதற்கு இணையில்லை. ஆனால் கதை இழுத்துக்கொண்டு போகிற வேகத்தில் ‘அடுத்து என்ன ஆச்சு?’ என்றுதான் குழந்தை காத்திருக்கும், இசை பின்னணிக்குப் போய்விடும். ஓநாய் வாத்தை விழுங்கும் இடத்தில் சில குழந்தைகள் பயப்படவும் செய்வார்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகு கொடுக்கலாம்.

கவிதையும் இசையும் உண்மையில் நெருக்கமாகக் கட்டப்பட்டிருப்பது விவால்டியின் நான்கு பருவங்களில்தான். 1725இல் இந்த இசை அச்சானபோதே ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சானெட் (14 வரிக் கவிதை) கூடவே வந்தது, அதன் வரிகள் இசைக்குறிப்பில் அந்தந்த இடத்திலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. வசந்தத்தின் மெதுவான நடுப்பகுதியில் ஆடு மேய்ப்பவன் தூங்குகிறான், அவனுடைய நாய் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவில் குரைக்கிறது. குளிர்காலத்தில் முதலில் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். அடுத்த பகுதியில் உள்ளே கணப்பு, வெளியே மழை, அந்தத் துளிகள் வயலின் நரம்பைச் சுண்டும் ஒலியாக விழும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் வரியைப் படித்துவிட்டு ‘எங்கே வருகிறது, கண்டுபிடி’ என்றால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். இலையுதிர்காலப் பாட்டில் குடித்துவிட்டுத் தள்ளாடும் கிராமத்தார் வருவார்கள், அதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

பொத்தானை அழுத்தினால் சில நொடி இசை வரும் புத்தகங்கள் விளையாடச் சரி. அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள். இசை ஆரம்பித்து, வளர்ந்து, முடிவதைக் கேட்பதற்குள் நின்றுவிடும்.

எதை வாங்கினாலும் ஒன்று செய்யுங்கள்: புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இசையை மட்டும் முதலில் போடுங்கள். இது என்ன விலங்கு, ஓடுகிறதா நடக்கிறதா என்று கேளுங்கள். குழந்தை கங்காருவைத் தவளை என்று சொன்னாலும் திருத்த வேண்டாம், ஏன் அப்படித் தோன்றியது என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தைத் திறப்பது அதற்குப் பிறகு.