சக்கர காம்பஸ் வாங்கி ஒரு மாசம் ஆச்சு, ஒன்பது புள்ளி வட்டம் போட்டே டெஸ்ட் பண்ணிட்டேன்

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான், அவனுக்கு செய்முறை வடிவியல் சொல்லித் தர்றது நான்தான். ஜியோமெட்ரி பாக்ஸோட வந்த காம்பஸைத்தான் ரெண்டு வருஷமா வச்சிருந்தான். பென்சில் மாட்டுற இடம் ஆடும், வட்டம் முடியறதுக்குள்ள கால் ரெண்டும் தானா விரிஞ்சிடும், கோடு ஆரம்பிச்ச இடத்துக்கு வந்து சேராது. முக்கோணத்துக்கு மையக்குத்துக்கோடு (பக்கத்தை நட்டநடுவுல செங்குத்தா வெட்டற கோடு) மூணும் போட்டு சுற்றுவட்டம் (மூணு முனை வழியாவும் போற வட்டம்) வரைஞ்சா ரெண்டு முனையைத் தொடும், மூணாவது முனையை விட்டு 2 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். ஒரு நாள் "சித்தி, புக்ல இருக்கறது நெஜத்துல வராது போல"ன்னு சொன்னான் பாருங்க, அது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. மறுநாளே ஸ்டேஷனரி கடைக்குப் போய் நடுவுல சக்கரம் வச்ச காம்பஸ் ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன், 340 ரூபா.

ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு திருகுக் கம்பி, அதுல சின்ன சக்கரம். சக்கரத்தைத் திருப்பினாதான் கால் விரியும், கையால இழுத்தா அசையாது. எடுத்த அளவு அப்படியே நிக்குது, இதுக்கே காசு குடுக்கலாம். பென்சில் இல்ல, 2 எம்எம் லெட். கூடவே ரெண்டு லெட் குடுத்தாங்க, அதை உப்புத்தாள்ல ஒரு பக்கமா சாய்ச்சு உளி மாதிரி தேய்ச்சுக்கணும், இல்லன்னா கோடு தடிச்சிடும். ஊசியும் நல்லா மெல்லிசா இருக்கு.

டெஸ்ட்டுக்கு ஏன் ஒன்பது புள்ளி வட்டம்னா, ஒரே நேர்கோட்டுல இல்லாத எந்த மூணு புள்ளி வழியாவும் ஒரு வட்டம் போகும், அதனால சுற்றுவட்டத்துல மையத்தை லேசா நகர்த்தி அட்ஜஸ்ட் பண்ணிடலாம், தப்பு வெளியே தெரியாது. ஒன்பது புள்ளின்னா அந்த வேலை நடக்காது. மூணு பக்கத்தோட நடுப்புள்ளி, மூணு குத்துக்கோட்டோட (முனையிலேர்ந்து எதிர்ப்பக்கத்துக்கு செங்குத்தா இறங்கற கோடு) அடி, அப்புறம் அந்த மூணு குத்துக்கோடும் சந்திக்கற செங்கோட்டு மையத்துலேர்ந்து மூணு முனைக்கும் போற கோட்டோட நடுப்புள்ளி, இது ஒன்பதும் ஒரே வட்டத்துல உக்காரணும். இதை 1821ல பிரியான்ஷோன், போன்ஸ்லேன்னு ரெண்டு பிரெஞ்சு கணித மேதைங்க எழுதினாங்க. அடுத்த வருஷம் ஃபாயர்பாக்னு ஒரு ஜெர்மன் ஸ்கூல் வாத்தியார், அப்போ வயசு 22தான், இந்த வட்டம் உள்வட்டத்தையும் (மூணு பக்கத்தையும் உள்ளேர்ந்து தொடற வட்டம்) வெளிவட்டம் மூணையும் (ஒரு பக்கத்தையும் மத்த ரெண்டு பக்கத்தோட நீட்சியையும் வெளியிலேர்ந்து தொடற வட்டம்) சரியா தொடும்னு நிரூபிச்சார். இத்தனை வட்டம் தொட்டுக்கிட்டு நிக்கறதை நெனச்சாலே எனக்கு இப்பவும் புல்லரிக்கும்.

முக்கோணத்துக்கு 13, 14, 15 சென்டிமீட்டர் எடுத்தோம், பரப்பு முழுசா 84 வரும், கணக்கு ஈஸி. 14 அடிப்பக்கம், 13 இடது பக்கம். குத்துயரம் 12, அதோட அடி இடது முனையிலேர்ந்து 5ல விழும். சுற்றுவட்ட ஆரம் 8.125, ஒன்பது புள்ளி வட்டத்தோட ஆரம் அதுல சரிபாதி, 4.0625. சுற்றுவட்ட மையத்தையும் செங்கோட்டு மையத்தையும் சேர்த்து ஒரு கோடு போட்டா அதான் ஆய்லர் கோடு, நடுக்கோட்டு மையம் (முனையையும் எதிர்ப்பக்க நடுப்புள்ளியையும் சேர்க்கற கோடு மூணும் சந்திக்கற இடம்) அதுலயே 1:2 விகிதத்துல உக்காரும், நம்ம வட்டத்தோட மையம் அந்தக் கோட்டுக்கு நட்டநடுவுல. அங்க ஊசியை வச்சு சுத்தினா ஒன்பது புள்ளியும் கோட்டு மேல! பையன் ஒவ்வொண்ணா விரல் வச்சு எண்ணினான், எண்ணி முடிச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து எண்ணினான்.

அப்புறம் உள்வட்டம் போடப் போனா ஆரம் சரியா 4, மையம் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் மேல. ஊசி பழைய ஓட்டையிலயே போய் விழுந்துடுச்சு, ரெண்டு வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிச்சு. "ரெண்டும் ஒரே வட்டமா சித்தி"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. சார்ட் பேப்பர் எடுத்து ரெண்டு மடங்கா 26, 28, 30 போட்டோம், இப்போ ஆரம் 8.125, 8. அடிப்பக்கத்துல குத்துக்கோட்டு அடி 10ல, நடுப்புள்ளி 14ல, உள்வட்டம் தொடற இடம் சரியா நடுவுல 12ல. பெரிய வட்டம் அந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல பக்கத்துக்குக் கீழ ரெண்டரை மில்லிமீட்டர் இறங்குது, மேல 16 சென்டிமீட்டர் உயரத்துல ரெண்டு வட்டமும் ஒரே ஒரு இடத்துல தொடுது. பழைய காம்பஸா இருந்தா ரெண்டும் வெட்டிக்கிட்டுப் போயிருக்கும், தொடற இடம்னு ஒண்ணைக் காட்டவே முடியாது.

குறைன்னா, 13 சென்டிமீட்டருக்கு மேல கால் ரொம்ப சாய்ஞ்சிடுது, ஊசி வழுக்குது. மேல சொன்ன சார்ட் பேப்பர்ல சுற்றுவட்டம் 16.25 வேணும், அதை விட்டுட்டோம். சின்ன அளவுலேர்ந்து பெரிய அளவுக்குப் போகணும்னா சக்கரத்தைத் திருப்பிக்கிட்டே இருக்கணும், பரீட்சையில அது நேரத்தைத் தின்னும், அதனால ரெண்டு கால் மட்டும் இருக்கற நல்ல டைட்டான காம்பஸ் ஒண்ணும் கைல இருக்கட்டும். ஆறாவது ஏழாவது பிள்ளைங்களுக்கு இது தேவையில்ல.

கம்ப்யூட்டர்ல வடிவியல் வரையற ஜியோஜீப்ராலயும் இதெல்லாம் போடலாம், இலவசம், முனையைப் புடிச்சு இழுத்தா ஒன்பது புள்ளியும் கூடவே நகர்றது அழகா தெரியும், விரிகோணமா மாத்தினா செங்கோட்டு மையம் முக்கோணத்தை விட்டே வெளிய போறதையும் பாக்கலாம். நாங்க அதைக் கையால போட்டதுக்கப்புறம்தான் தொறந்தோம், பையனுக்கு எந்தக் கோடு எங்கேர்ந்து வருதுன்னு ஏற்கனவே தெரிஞ்சிருந்துச்சு.

இப்போ அவனுக்கு வெளிவட்டம் மூணும் வேணுமாம். 13, 14, 15 முக்கோணத்துக்கு அதோட ஆரம் 10.5, 12, 14. முதல் ரெண்டும் இந்த காம்பஸ்லயே போட்டாச்சு, ரெண்டும் ஒன்பது புள்ளி வட்டத்தைத் தொட்டுக்கிட்டு நிக்குது. 14க்கு காலை நீட்டற துண்டு தனியா வாங்கணும், கடைக்காரண்ணன் செவ்வாய்க்கிழமை வந்துடும்னு சொல்லியிருக்கார்.