ஐ.நா. கொடி வரிசை அஞ்சல்தலைகள், 1980–1989: வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

ஐக்கிய நாடுகள் சபையின் அஞ்சல் நிர்வாகம் 1980 முதல் 1989 வரை ஆண்டுக்கு 16 வீதம் வெளியிட்ட உறுப்பு நாடுகளின் கொடி அஞ்சல்தலைகளைச் சேகரிப்பாளர்கள் சுருக்கமாகக் கொடி வரிசை என்று அழைப்பார்கள். தேசியக் கொடிகளை மட்டும் பொருளாகக் கொண்டு ஓர் ஆல்பம் தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் இதைத்தான் வாங்க வேண்டுமா என்று கேட்பது வழக்கம். அண்மையில் இணையவழி விற்பனையாளர் ஒருவரிடமிருந்து பத்தாண்டு வெளியீட்டையும் பிரிக்கப்படாத முழுத் தாள்களாகவே வாங்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து முடித்த நிலையில், வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் எந்த வடிவில் வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம் என்ற இரண்டிலும் தெளிவு இல்லாமல் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

பத்தாண்டுகளில் 160 அஞ்சல்தலைகள் வெளிவந்தன. அன்று சபையில் இருந்த உறுப்பு நாடுகள் 159. கடைசியாக எஞ்சிய ஓரிடத்தில் 1989-இல் ஐ.நா.வின் நீலக் கொடியையே வைத்துக் கணக்கை நிறைவு செய்தார்கள். அனைத்தும் நியூயார்க் அலுவலகத்தின் வெளியீடுகள் என்பதால் விலை டாலர் கணக்கில்தான் அச்சாகியிருக்கிறது. 1980-இல் 15 சென்ட், அடுத்த நான்கு ஆண்டுகளில் 20, 1985 முதல் 1987 வரை 22, கடைசி இரண்டு ஆண்டுகளில் 25 என்று அமெரிக்கக் கடிதக் கட்டணத்தை ஒட்டியே அது ஏறிக்கொண்டு போகிறது. கொடிக்கு ஒன்று என்று எடுத்தால் மொத்த முகமதிப்பு 33 டாலர் 76 சென்ட். முழுத் தாள்களாக எடுத்தால் அதைப் போல் நான்கு மடங்கு.

இந்த நான்கு மடங்கு எப்படி வருகிறது என்பதில்தான் வரிசையின் நுட்பமே இருக்கிறது. ஒரு தாளில் 16 அஞ்சல்தலைகள், ஆனால் நான்கே கொடிகள். ஒவ்வொரு மூலையிலும் ஒரே கொடி நான்கு முறை சதுரமாக அமைந்திருக்கும். அந்த நான்கு சதுரங்களும் தாளின் நடுவில் கூடும் இடத்தில், ஒவ்வொன்றின் உள்மூலை அஞ்சல்தலையும் சேர்ந்து, நான்கு வெவ்வேறு கொடிகள் ஒட்டி நிற்கும் ஒரு கட்டம் தானாகவே உருவாகிவிடும். இந்த நடுக்கட்டம் ஒரு தாளுக்கு ஒன்றுதான் கிடைக்கும். அதைக் கிழித்து எடுத்துவிட்டால் மூலைகளில் மும்மூன்றாக முறிந்த துண்டுகள்தான் மிஞ்சும். பழைய வியாபாரிகள் பலர் தாளை இப்படிப் பிரித்து, நடுக்கட்டத்தை ஒரு விலைக்கும் மீதியை உதிரிக்குமாக விற்றிருக்கிறார்கள். எனவே ‘முழு வரிசை’ என்ற விளம்பரத்தைப் பார்த்தவுடன், அது 160 உதிரிகளா, 40 நடுக்கட்டங்களா, 40 முழுத் தாள்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.

என் பார்வையில் நடுக்கட்டங்கள்தான் சிறந்த தேர்வு. 160 கொடிகளும் வந்துவிடுகின்றன, எந்தக் கொடி எந்தக் கொடியோடு அச்சானது என்ற தகவலும் கையில் தங்குகிறது, 40 கட்டங்களும் ஒரே ஆல்பத்தில் அடங்கிவிடுகின்றன. முழுத் தாள்கள் பார்க்க அழகுதான். எனினும் ஒரே கொடியை நான்கு முறை பார்ப்பதற்காக நான்கு மடங்கு இடமும் பணமும் ஒதுக்க எல்லோராலும் இயலாது. உதிரிகளை வாங்குவதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வரிசையை அகரவரிசையில் அமைக்காமல் கலைத்துப் போட்டது நல்ல முடிவு. முதல் ஆண்டில் துருக்கி, லக்சம்பர்க், பிஜி, வியட்நாம் ஆகிய நான்கும் ஒரே தாளில் வருகின்றன. இலங்கையின் கொடி 1981-இல் ஜிபூட்டி, பொலிவியா, எக்குவட்டோரியல் கினி ஆகியவற்றோடு வந்தது. வாளேந்திய சிங்கம், நான்கு மூலைகளிலும் அரசிலைகள், தமிழர்களைக் குறிக்கும் செம்மஞ்சள் பட்டை, முஸ்லிம்களைக் குறிக்கும் பச்சைப் பட்டை என்று அத்தனையும் விரல் நுனி அகலத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால், உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுக்கத் தூண்டும் கொடி அது. அதே ஆண்டில் சிங்கப்பூர், அடுத்த ஆண்டில் மலேசியா, 1985-இல் இந்தியா. மாறாக 1988-இல் வந்த லிபியாவுக்கு உருப்பெருக்கியே தேவையில்லை. அன்றைய லிபியக் கொடி எந்தச் சின்னமும் இல்லாத வெறும் பச்சை என்பதால், வரைய ஒன்றுமே இல்லாத அஞ்சல்தலையாக அது நிற்கிறது.

இந்த வரிசைக்குப் பணம் கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு உண்மையான காரணம், திட்டமிடாமலேயே இது ஒரு காலகட்டத்தின் பதிவேடாக மாறிவிட்டது என்பதுதான். பனிப்போரின் கடைசிப் பத்தாண்டில் உலகம் எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதை வேறு எந்தக் கொடித் தொகுப்பும் இவ்வளவு முழுமையாகக் காட்டுவதில்லை. யுகோஸ்லாவியா 1980-இல் வருகிறது, செக்கோஸ்லோவாக்கியா 1981-இல். மேற்கு ஜெர்மனி 1985-இலும் கிழக்கு ஜெர்மனி 1988-இலும் தனித்தனியாக வருகின்றன. இரண்டு ஏமன்கள் 1987-இலும் 1988-இலும். சபை தொடங்கிய நாள் முதலே உக்ரைனுக்கும் பைலோரஷ்யாவுக்கும் தனி இடம் இருந்ததால், 1981-இல் உக்ரைன், 1983-இல் பைலோரஷ்யா (இன்றைய பெலாரஸ்), 1985-இல் சோவியத் ஒன்றியம் என்று ஒரே அரசின் நிழலில் மூன்று கொடிகள் இடம்பெற்றிருக்கின்றன. 1989-இல் வந்த தென்னாப்பிரிக்கக் கொடி 1994-இல் மாற்றப்பட்ட நிறவெறி ஆட்சிக் காலத்துப் பழைய கொடி. ருவாண்டா, பர்மா, ஈராக், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றின் இன்றைய கொடியை மட்டும் அறிந்தவர்கள் இந்தத் தாள்களைப் பார்த்தால் அடையாளம் காணத் திணறுவார்கள்.

இல்லாதவையும் கவனத்திற்குரியவை. ஐ.நா. அஞ்சல் நிர்வாகம் 1969 முதல் ஜெனீவாவிலிருந்து சுவிஸ் பிராங்கில் அஞ்சல்தலைகளை வெளியிட்டு வந்தபோதிலும், சுவிட்சர்லாந்து 2002-இல்தான் உறுப்பு நாடானது என்பதால், இந்த 160-இல் சுவிஸ் கொடி கிடையாது. 1991-இல் உறுப்பு நாடுகளான இரு கொரியாக்களும் இல்லை.

குறை என்று சொல்வதானால், வடிவமைப்பு ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கிறது. கொடி, நாட்டின் பெயர், ஐ.நா. பெயர், விலை என்ற அமைப்பு பத்தாண்டுகளும் மாறாமல் தொடர்வதால், 40 தாள்களையும் ஒரே மூச்சில் புரட்டினால் சலிப்புத் தட்டுகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் அஞ்சல்தலையாக 1947 நவம்பர் 21 அன்று வெளிவந்த மூன்றரை அணா மூவண்ணக் கொடி அஞ்சல்தலையை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஜெய்ஹிந்த் என்ற முழக்கத்தோடு வந்த அந்த ஒற்றை அஞ்சல்தலையில், புதிதாகப் பிறந்த ஒரு நாடு தன் கொடியைத் தானே ஏற்றிக் காட்டும் பெருமிதம் இருக்கிறது. ஐ.நா. வரிசையில் இருப்பது வருகைப் பதிவேட்டின் நிதானம். கொடி ஆல்பத்தில் இந்தியப் பக்கத்தைத் தொடங்குகிறவர்கள் 1985-ஐ இரண்டாவதாக வைத்து, 1947-ஐ முதலில் தேடிப் பிடிப்பதே நல்லது.

பணம் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இவை ஏராளமாக வாங்கிப் பாதுகாக்கப்பட்டவை. அரிய பொருள்கள் அல்ல. முதலீடு என்று சொல்லி விற்பவர்களிடமிருந்து விலகிவிடலாம். ஐ.நா. வளாகத்தில் அஞ்சல் செய்யும் கடிதங்களுக்கு மட்டுமே இவை செல்லும் என்பதால், உண்மையாகவே கடிதத்தில் ஒட்டப்பட்டுப் பயணித்தவை கடைகளில் குறைவாகவே தென்படுகின்றன. பயன்படுத்தியவற்றைச் சேகரிப்பவர்கள் உறையோடு கிடைத்தால் நீராவி காட்டிப் பிரிக்காமல் உறையோடே வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் வாங்கிய தொகுப்பு ‘மிண்ட்’, அதாவது பயன்படுத்தாத புத்தம்புதிய நிலையில் உள்ளது, என்ற உறுதியோடு வந்தது. முன்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் சில தாள்களின் பசை ஈரம் கோத்துப் பளபளப்பை இழந்து, ஓரத்தில் ஆல்பக் காகிதத்தின் நார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இரண்டு தாள்கள், அஞ்சல்தலைகளைப் பிரிப்பதற்கான துளைவரிசை வழியே மடிக்கப்பட்டு, மடிப்பில் சில பற்கள் பிரிந்திருந்தன. படம் எடுத்து அனுப்பியதும் விற்பனையாளர் அந்தத் தாள்களுக்கான தொகையைத் திருப்பித் தந்துவிட்டார். ஆயினும் முன்பக்கப் படத்தை மட்டும் காட்டி விற்பவர்களிடம் பசைப் பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்கிய பிறகே பணம் அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்தபின் ஹிஞ்ச் எனப்படும் சிறு பசைக் காகிதத்தை ஒட்டாமல், மவுண்ட் எனப்படும் ஒளி ஊடுருவும் உறையில் செருகி, ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைப்பது அவசியம். கடலோர ஊர்களில் மழைக்காலத்து ஈரப்பதம் பசையை இளக்கிப் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கிவிடும் என்பதால், அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

1989-க்குப் பின் சபையில் சேர்ந்த நாடுகளுக்காக வரிசை 1997-இல் 32 சென்ட் விலையில் மீண்டும் தொடங்கியது. கஜகஸ்தான், ஜார்ஜியா, ஆர்மீனியா, தென் கொரியா முதலியவை அந்த ஆண்டின் எட்டுக் கொடிகளில் அடங்கும். சில வியாபாரிகள் இதையும் முதல் 160-உடன் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வார்கள். இரண்டையும் தனித்தனியாக விலை கேட்டு, 1989 வரையிலான பகுதியை முதலில் வாங்கிக்கொள்ளலாம்.