வங்கிகள் விழுந்த கதை: ரெய்க்யாவிக் நடைச் சுற்றுலா

ஐஸ்லாந்தின் தலைநகரில் இரண்டு மணி நேர நடை. ஆஸ்டுர்வோட்லுர் சதுக்கத்துக்காகவே போகலாம். 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அந்தக் குளிர்காலத்தில் மக்கள் சட்டியும் கரண்டியுமாகத் தட்டிப் போராடி நின்றது இங்கேதான், நாடாளுமன்ற வாசலில். 2009 ஜனவரியில் அரசு விலகியது. வழிகாட்டி அம்மா அன்று தட்டிய சட்டியையே கொண்டுவந்திருந்தார். அடி நசுங்கியிருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன், பேச்சு வரவில்லை.

அப்புறம் ஹார்பா இசையரங்கம். பணமில்லாமல் பாதியில் நின்றதை அரசும் நகராட்சியும் சேர்ந்து முடித்து 2011-ல் திறந்தார்களாம்.

ஒரு குறை: நெருக்கடியில் பணம் நாட்டை விட்டு வெளியே போகாமல் போட்ட கட்டுப்பாடுகள் 2017-ல்தான் பெரும்பாலும் நீங்கின. அதை இரண்டே வரியில் முடித்துவிட்டார். கடற்காற்று கடுமை, குல்லா அவசியம்.