பரு போன கருமைக்கு ‘சுத்த மூலிகை’ க்ரீம்: 6,800 ரூபாயும் போச்சு, தங்கச்சி முகமும் போச்சு

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த க்ரீம் விற்றவர்கள் என் நம்பரையும் தங்கச்சி நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டார்கள். 6,800 ரூபாய். தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், சாப்பிடவும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். பரு போன இடத்துக் கருமைக்கு உண்மையில் என்ன செய்யலாம் என்று டாக்டர் சொன்னதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா கருவாடு காயப்போட்டு விற்கிறார். நான் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தங்கச்சி ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்கு முகமெல்லாம் பரு. கல்லூரி சேர்ந்ததும் பரு அடங்கிவிட்டது, ஆனால் கன்னத்திலும் தாடையோரத்திலும் புள்ளி புள்ளியாகக் கருப்பு நின்றுவிட்டது. கிள்ளாதடி என்று அம்மா கத்திக்கொண்டே இருப்பார், அவள் கை கேட்காது. லீவு நாளில் அம்மாவோடு கருவாடு புரட்டப் போவாள். எங்கள் கரையில் நிழல் ஏது? வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், மணலிலிருந்தும் அடிக்கும். புள்ளிகள் இன்னும் கருத்தன.

தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெரியம்மா ஒருவர் பத்துப் பேர் நடுவில், “என்னத்தா, மூஞ்சி இப்படிக் கருத்துக் கெடக்கு?” என்று தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து தங்கச்சி போட்டோ எடுக்கவிடவில்லை. துப்பட்டாவைக் கன்னம் வரை இழுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

இந்த நேரத்தில்தான் அந்த வீடியோ வந்தது. சின்னச் சின்ன வீடியோ ஓடும் ஒரு ஆப்பில் வீட்டிலேயே அழகுப்பொருள் செய்து விற்கும் ஒரு பக்கம். பெயர் போடவில்லை, போட்டால் வேறு பிரச்சினை வரும் என்கிறார்கள். ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், அதிமதுரம் என்று அம்மியில் அரைப்பதைக் காட்டுவார்கள். அப்புறம் முன் போட்டோ, பின் போட்டோ. “இருபத்தோரு நாளில் கரும்புள்ளி போகும்.” கீழே நூற்றுக்கணக்கில் ‘நன்றி மேடம்’.

நான் உடனே பணம் போட்டுவிடவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் படித்த பிள்ளை இப்படியா ஏமாறும் என்று நேற்றிலிருந்து வீட்டில் கேட்கிறார்கள். முதலில் மெசேஜில் சந்தேகம் கேட்டேன். அன்று ராத்திரியே அந்த மேடம் போன் பண்ணினார். இருபது நிமிஷம் பேசினார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தங்கச்சியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, “சாப்பிட்டியாம்மா?” என்றுதான் ஆரம்பித்தார். “என் பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அவ அழுததப் பாத்துத்தான் நானே இதச் செய்ய ஆரம்பிச்சேன். நானும் கடக்கரைக்காரிதான், உப்புக்காத்து முகத்த என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்” என்றார். கல்யாண வீட்டுக் கதையைத் தங்கச்சி அவரிடம் சொல்லி அழுதாள். அம்மாவிடம்கூட அப்படி அழுததில்லை. போனை வைக்கும் முன் அவர் சொன்னது என் காதிலேயே நிற்கிறது: “ஸ்கின் டாக்டர்கிட்ட மட்டும் போயிடாதம்மா, ஸ்டீராய்டு எழுதிக் குடுத்து முகத்தக் கெடுத்துருவாங்க. நம்மளது சுத்த மூலிகை.”

அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்தேன். ஒருத்தி அக்கறையில்லாமல் இப்படி எச்சரிப்பாளா என்று நினைத்தேன்.

மார்ச் முதல் வாரம் 2,400 ரூபாய் அனுப்பினேன், என் சம்பளத்திலிருந்து. இரண்டு குட்டி டப்பா வந்தது. மேலே பச்சை ஸ்டிக்கர், அதில் ஒரு பூப்படமும் பக்கத்தின் பெயரும் மட்டும். என்னென்ன சேர்த்திருக்கிறது, எங்கே தயாரித்தது, எந்தத் தேதி, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எதுவும் இல்லை. வீட்டில் செய்வது தானே, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மீன் பெட்டிக்கே பேட்ச் நம்பர் போட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். தங்கச்சி முகத்தில் தடவுவதற்குப் பார்க்கவில்லை.

பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. புள்ளிகள் மங்கின. மூன்றாவது வாரம் துப்பட்டாவை இறக்கிவிட்டுப் பஸ் ஏறினாள். அம்மா அந்த மேடத்துக்குக் கருவாடு பார்சல் அனுப்பலாமா என்று கேட்டார். அவ்வளவு நம்பிக்கை. ஏப்ரலில் டப்பா தீர்ந்தது. நிறுத்திய நாலாம் நாள் முகம் எரிந்து சிவந்தது. கேட்டோம். “பாதியில நிறுத்தினா அப்படித்தான் ஆகும், ஃபுல் கிட் எடுத்தா நிரந்தரமாப் போயிரும்” என்றார். 4,400 ரூபாய்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கடலுக்குப் போகாது, அப்பாவுக்குக் கூலி கிடையாது. அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்தது. அதை வைத்துத்தான் அரிசி, மளிகை எல்லாம். அதிலிருந்து 4,400 எடுத்து அம்மா என் கையில் கொடுத்தார். “பொம்பளப் புள்ள முகம், இருக்கட்டும்” என்றார் அப்பா. ஆக மொத்தம் 6,800.

இரண்டாவது தடவை வாங்கியது பாதி தீரும் முன்பே எல்லாம் தலைகீழானது. நெற்றி வரை சின்னச் சின்னப் பருவாக ஒரே நேரத்தில் கிளம்பியது. கன்னத்துத் தோல் மெலிந்து உள்ளே சிவப்பு நரம்புகள் தெரிந்தன. தாடையில் பூனைமுடி. வெயிலில் நின்றால் மிளகாய்ப்பொடி பூசியது போல எரிகிறது என்றாள். பழைய கருப்பு முன்னைவிடப் பட்டையாகத் திரும்பி வந்தது.

போன் பண்ணினோம். முதல் பதில்: “உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது, நல்லதுதான்.” ஒரு வாரம் பொறுத்தோம். இரண்டாவது பதில்: “வெயில்ல போயிருப்பீங்க.” மண்டபத்தில் இருந்துகொண்டு வெயிலில் போகாமல் எப்படி இருப்பது? உப்புக்காற்று தெரியும் என்று சொன்னவர்தானே இவர்! மூன்றாவது: “சாப்பாட்டுல கருவாடு சேக்குறீங்களா? அதான்.” நாலாவது தடவை போன் எடுத்தது வேறு ஒரு பையன். மேடம் பூஜையில் இருக்கிறார், போட்டோ அனுப்புங்கள் என்றான். அனுப்பினோம். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அவர்கள் பக்கத்தில் கமெண்ட் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்கள். அந்த நூற்றுக்கணக்கான ‘நன்றி மேடம்’ எப்படி அப்படியே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேற்று பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “உங்க தங்கச்சி தோல் செட் ஆகலைன்னா நாங்க என்ன பண்ண முடியும்? ஆயிரம் பேருக்கு நல்லா ஆயிருக்கு.” அவ்வளவுதான், பிளாக்.

போன வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போயிருந்தேன். முகத்தைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன க்ரீம் போட்ட?” டப்பாவைக் காட்டினேன். உள்ளே என்ன, எவ்வளவு இருக்கிறது என்று டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும், ஆனால் இந்த முகம் ஸ்டீராய்டு போட்ட முகம், இப்படி மாதம் பல பேர் வருகிறார்கள் என்றார். ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், ரத்தக்குழாயைச் சுருக்கும், நிறம் உண்டாவதையும் குறைக்கும். அதனால் முதல் சில வாரம் முகம் வெளுத்து மினுங்கும். அப்புறம் தோல் மெலியும், பரு கிளம்பும், முடி வளரும், நிறுத்தினால் எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி வாங்குவோம். எங்களுக்கு 4,400 ரூபாய்க்கு ‘ஃபுல் கிட்’ விற்றது அந்த எரிச்சலை வைத்துத்தான். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துப் பட்டியலில் ஸ்டீராய்டு க்ரீம்களை 2018இலேயே சேர்த்துவிட்டார்களாம். ஸ்டீராய்டு தருவார்கள் என்று டாக்டரைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு அதையே பூப்படம் ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

இன்னொன்று சொன்னார், அதுதான் நெஞ்சை அறுக்கிறது. தங்கச்சிக்கு முதலில் இருந்தது தழும்பே இல்லையாம். பரு என்பது தோலுக்குள் ஒரு சின்னப் புண். அது வீங்கிச் சிவக்கும்போது அந்த இடத்தில் நிறம் தயாரிக்கும் செல்கள் தூண்டப்பட்டு மெலனின் என்ற நிறமியை அதிகமாகக் கொட்டிவிடும். மாநிறம், கருநிறத் தோலில் இது அதிகம். மேல்தோலோடு நின்றால் பழுப்பாகத் தெரியும், மாதக்கணக்கில் தானாகவே மங்கும். ஆழத்தில் இறங்கினால்தான் சாம்பல் நீலமாகத் தெரியும், வருடக்கணக்கில் இழுக்கும். “இவளுக்கு மேலாகத்தான் இருந்திருக்கும்மா. கிள்ளாம, வெயில்லேருந்து காப்பாத்தியிருந்தாலே பாதி போயிருக்கும்” என்றார். தானாகப் போக இருந்ததற்கு 6,800 ரூபாய் கொடுத்து இதை வாங்கியிருக்கிறோம்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது முடியவில்லை, கேட்டதில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஏற்கெனவே இப்படி ஒரு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் நீங்களாக எதையும் செய்யாதீர்கள், டப்பாவோடு தோல் டாக்டரிடம் போங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். கருமைக்கு முதல் மருந்து சன்ஸ்கிரீன், அதாவது வெயிலைத் தடுக்கும் க்ரீம். தடுக்கும் அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையாமல், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. புதுப் பரு வருவதை நிறுத்தாமல் கருமையை மட்டும் போக்க முடியாது. அசெலாயிக் ஆசிட், அடாபலீன் என்று மருந்துகள் இருக்கின்றன, ஆனால் மாதக்கணக்கில் போட வேண்டும். எலுமிச்சைச்சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்து இன்னும் கருக்கும். லேபிள் இல்லாத வெளுப்பு க்ரீமில் பாதரசமும் இருக்கலாம். கேரளாவில் மலப்புரத்தில் 2023இல் இப்படிப்பட்ட க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகமே பாதித்தது. பத்து நாளில் பளிச்சென்று ஆனால் சந்தோஷப்படாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, வாய்ஸ் மெசேஜ், போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. மீதி இருக்கும் ஒன்றரை டப்பாவைப் பாலித்தீனில் கட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகிறேன். பச்சை ஸ்டிக்கர், பூப்படம், லேபிள் இல்லாத குட்டி டப்பா: ராமநாதபுரம், கீழக்கரை, பாம்பன், தொண்டி பக்கம் யாராவது வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். நான் ஒருத்தி போனால் ‘தோல் செட் ஆகலை’ என்றுதான் திரும்பவும் சொல்வார்கள்.