மணிமேடையிலிருந்து கோட்டாறு வரை: ஒரு சனிக்கிழமை நடை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் பழைய கட்டடம் பார்க்கிற இந்த நடையைச் சனிக்கிழமை காலையில் வைத்தது நல்ல முடிவு. ஞாயிறு என்றால் நாகராஜா கோவிலில் பால் பாத்திரத்தோடு வரிசை நிற்கும். ஆவணி ஞாயிறு என்றால் சொல்லவே வேண்டாம். ஹோம் சர்ச்சில் ஆராதனை, கோட்டாறு சவேரியார் கோவிலில் திருப்பலி. கட்டடம் பார்க்க வந்த கூட்டம் அந்த நேரத்தில் அங்கே போய் நின்றால் சாமி கும்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சல்தான்.

நாகர்கோவில் நகரத்துக்குள் இருக்கிற பழைய கட்டடங்களைக் காட்டும் இந்த நடை மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஆளுக்கு 300 ரூபாய், காலைச் சாப்பாடும் சேர்த்து. மணிமேடை மணிக்கூண்டில் ஆறரைக்குத் தொடங்கி பத்து மணிக்குக் கோட்டாற்றில் முடியும் என்றார்கள். முடிந்தபோது பதினொன்றே கால். நாங்கள் 22 பேர். கூட்டிப்போனவர் கட்டடக்கலை படித்த ஒரு தம்பி, முப்பது வயதிருக்கும்.

என் அப்பா தச்சாசாரி. வடசேரி, கிருஷ்ணன்கோவில், வடிவீஸ்வரம் பக்கமெல்லாம் அவர் கூரை கூட்டிய வீடுகள் உண்டு. பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டேன். மரத்தூள் மேல் உட்கார்ந்து அவர் துளை போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் எந்தப் பழைய வீட்டுக்குள் போனாலும் என் கண் நேராகக் கூரைக்குத்தான் போகும். இந்த நடையையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

மணிமேடையில் தம்பி எங்களை முதலில் கோபுரத்துக்குப் பக்கத்தில் விடவில்லை. சாலையின் எதிர்ப்புறம் நிறுத்தி, "அஞ்சு நிமிஷம் சும்மா பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். 58 வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. 1893-இல், திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளின் வருகையை ஒட்டிக் கட்டியது. கடிகாரம் மிஷனரி டதி கொடுத்தது. அவர் பேரில்தான் இங்கே டதி பள்ளி இருக்கிறது. கட்டின செலவு 3258 ரூபாய், 9 சக்கரம், 12 காசு. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று திருவிதாங்கூர்க் கணக்கையும் தம்பி விளக்கினார். கடைசிக் காசு வரை எழுதி வைத்த அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கடிகாரம் ஓடுவது இப்படி: சங்கிலியில் தொங்குகிற கனத்த எடைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்க, அந்த இழுப்பில் பற்சக்கரங்கள் ஓடுகின்றன. எடை அடிக்கு வந்துவிட்டால் ஆள் ஏறிச் சுற்றி மறுபடி மேலே தூக்க வேண்டும்.

இங்கே ஒரு குறை. ஏழு மணிக்கே பஸ்களின் ஹாரன் தொடங்கிவிடும். தம்பிக்கு மெல்லிய குரல். பின்னால் நின்ற பத்துப் பேருக்குப் பாதிதான் கேட்டது. கழுத்தில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று வாங்கினால் போதும். மணிமேடைக் கதையை இந்த இரைச்சலில் சொல்லாமல் அடுத்த இடத்துக்குப் போனபிறகு சொன்னாலும் சரி.

ஹோம் சர்ச் வளாகத்துக்குள் போனதும் அமைதி. 1818-இல் மிஷனரி சார்லஸ் மீட் வருகிறார், மறுவருஷம் 1819-இல் இந்தக் கோவிலுக்கு அடிக்கல். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. ஆனால் மார்த்தா மால்ட் என்கிற மிஷனரி அம்மா 1820-களில் நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்ததைத் தம்பி சொன்னார். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி மடியில் தலையணையும் அதன் மேல் குண்டூசிகளும் சின்னச் சின்னக் கட்டைகளுமாக உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நாகராஜா கோவிலில் தம்பி உண்மையிலேயே நன்றாகத் தயாராகி வந்திருந்தார். தெற்கு வாசலில் கேரளப் பாணியில் ஓடு வேய்ந்த மாளிகையைக் காட்டி, நாம் முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி, நம் கட்டடங்கள் அந்த ஞாபகத்தோடுதான் நிற்கின்றன என்றார். உள்ளே தூண்களில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். தலைக்கு மேல் நாகம் படமெடுத்து நிற்கிற பார்சுவநாதர் ஒன்று, மகாவீரர் ஒன்று. சின்ன வயதிலிருந்து அந்தத் தூண்களில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அது யாரென்று கேட்டதில்லை. 16-ஆம் நூற்றாண்டிலும் இங்கே சமணப் பண்டிதர்கள் இருந்திருக்கிறார்கள். குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்று பேரோடு கல்வெட்டு சொல்கிறது. சிதறால் மலை வரை போய்ச் சமணம் பார்க்கிற நாம், ஊர் நடுவில் இருப்பதைப் பார்ப்பதில்லை.

அப்புறம் கருவறை. இத்தனை பெரிய கோவிலில் நாகராஜாவுக்கு மேலே கல் இல்லை, ஓடு இல்லை, ஓலைக்கூரைதான். வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதுசாக வேய்கிறார்கள். பிரசாதம் அந்தக் கருவறை மண். தம்பி ஒரு விஷயம் சொன்னார், வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்: "கல் மண்டபத்தைக் கட்டினவங்க பேரு கல்வெட்டுல நிக்கும். ஓலைக்கூரைக்கு ஒவ்வொரு வருஷமும் கட்டுகிற கை வேணும். அந்தக் கை தெரிஞ்ச ஆள் இருக்கிற வரைக்கும்தான் அது பழைய கட்டடம்."

வடிவீஸ்வரத்துக்காகத்தான் நான் 300 ரூபாய் கொடுத்தேன். அழகம்மன் கோவிலைச் சுற்றிய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், திண்ணை, தூண், உள்ளே நீளமாகப் போகிற கூடம். எந்த வீட்டு ஆட்களிடம் பேசி வைத்திருக்கிறார்களோ அந்த இரண்டு வீட்டுக்குள் மட்டும்தான் போனோம். மற்ற வீட்டு வாசல்களில் போன் தூக்கியவர்களைத் தம்பி மரியாதையாகத் தடுத்தார். இது முக்கியம். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போட்டிருக்கிறார்கள்.

ஒரு வீட்டின் வெளிச்சுவரில் கீழே இடுப்பளவுக்குப் பூச்சு உப்பிக் கொட்டியிருந்தது. தம்பி அதைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே சுண்ணாம்பு, மேலே பிற்காலத்தில் பூசிய சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நின்று சுவரை உதிர்க்கிறது. வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் செலவு செய்து சுவரைக் கெடுத்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு விளக்கத்துக்கே பழைய வீடு வைத்திருப்பவர்கள் இந்த நடைக்கு வரலாம்.

கூரைக்கு வந்தபோது மட்டும் தம்பி தடுமாறினார். "இது ஆணி அடிச்சுச் சேர்த்த கூரை" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லை தம்பி, வளையைப் பாருங்க" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "எக்கா, நீங்களே சொல்லுங்க" என்று ஒதுங்கி நின்றார்.

சொன்னேன். கூரை உச்சியில் நீளமாக ஓடுகிற சட்டம் மோந்தாயம். அதிலிருந்து உத்திரத்துக்குச் சரிவாக இறங்குபவை கழுக்கோல். எல்லாக் கழுக்கோலிலும் ஒரே மட்டத்தில் துளை போட்டு, அதன் வழியே வளை என்கிற நீளச் சட்டத்தைக் கோப்பார்கள், பூ கோக்கிற மாதிரி. கோத்தபிறகு ஒன்று மட்டும் தனியாக நகர முடியாது. காற்று தள்ளினால் எல்லாம் சேர்ந்து தாங்கும். சேர்க்கிற இடத்தில் மர ஆணி. இரும்பு துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் தின்னும் என்பார் அப்பா. மேற்கே அயனியும் பலாவும் தேக்கும் போடுவார்கள். அகஸ்தீஸ்வரம் பக்கம் போனால் வைரம் பாய்ந்த பனை. இரண்டு பருவத்திலும் மழை கொட்டுகிற ஊர், அதனால்தான் இவ்வளவு சரிவு. பத்மநாபபுரம் அரண்மனையில் வாய் பிளந்து பார்க்கிற வேலையின் அதே கணக்குதான் இது, அங்கே செதுக்கல் கூடுதல்.

அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து முற்றத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். கான்கிரீட் போடப் போகிறார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் தேடி அலைகிற பாடு எனக்கும் தெரியும். அடுக்கிய கழுக்கோல்களின் தலையில் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு குறுக்குக்கோடு. தரையில் முழுக் கூரையையும் ஒருமுறை பொருத்திப் பார்த்து, அடையாளம் போட்டுப் பிரித்து, மேலே ஏற்றி அதே வரிசையில் சேர்ப்பார்கள். அப்பாவும் அப்படித்தான் கீறுவார். இது அவர் பிறப்பதற்கு முந்தைய வேலையாக இருக்கும். என் விரல் அந்தக் கோடுகளை விட்டு வர மறுத்தது. கூட வந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

இங்கேயே நேரம் போய்விட்டதால் கோட்டாறு அடிபட்டது. கோட்டாறு பழைய வணிக ஊர், தனியாக ஒரு காலை வேண்டும். வெயில் ஏறியபிறகு சவேரியார் கோவிலுக்குப் போனோம். 1752-இல் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்டு, 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறை முன் சிலர் மண்டியிட்டார்கள். கட்டடத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. இதை நடத்துபவர்கள் நடையை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

சாப்பாடு முடிவில் வைத்ததும் தப்பு. பதினொன்றரை மணிக்கு ரசவடையும் அப்பமும் எவ்வளவு ருசியாக இருந்தாலும், சர்க்கரை வியாதி உள்ளவர்கள் அதுவரை தாங்க மாட்டார்கள். நாகராஜா கோவில் முடிந்ததும் கொடுத்துவிடலாம். கழிப்பறை எங்கே என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள்; பெண்கள் கேட்கத் தயங்குவார்கள்.

இத்தனை குறை இருந்தும் தாராளமாகப் போகலாம். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு கேட்கிற வழிகாட்டி கிடைப்பது அரிது. குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், கழற்ற எளிதான செருப்பு போடுங்கள்.

மறுநாள் நான் மட்டும் வடிவீஸ்வரத்துக்குத் திரும்பிப் போய், அந்த வீட்டில் ஒரு கழுக்கோல் தலைத்துண்டு கேட்டேன். மூன்றடி நீளம், வளைத் துளையும் நான்கு கோடுகளும் இருக்கிற துண்டு. காசு வாங்க மறுத்துவிட்டார்கள். அதைத் துடைத்து, எண்ணெய் தடவி, தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் கூரை பற்றிச் சொல்லும்போது எல்லார் கையிலும் கொடுத்துக் காட்டட்டும்.