மட்டக்களப்புக்கு ஒரு தொழில்முறை அணி: நகரத்துக்கா, கரைக்கா?

2021இல் இலங்கையின் உதைபந்தாட்ட சூப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்கள் களமிறங்கின. கொழும்பு, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டி என்று ஊர்கள் இருந்தன. முப்படைகளுக்கும் தலா ஓர் அணி இருந்தது. கிழக்கு மாகாணத்திலிருந்து ஒன்றுமில்லை. அந்த இடத்தை நிரப்ப இரண்டு வழிகள் எனக்குத் தெரிகின்றன. மட்டக்களப்பு நகரத்துக்கென்று ஒரு செல்வந்தரின் பணத்தில் ஓர் அணி. அல்லது வாழைச்சேனை முதல் அக்கரைப்பற்று வரை கரையோரம் முழுவதற்கும் பொதுவாக, உறுப்பினர் பணத்தில் ஓர் அணி.

முதலாவது உடனே மனதைக் கவர்கிறது. வெபர் அடிகளாரின் பெயர் தாங்கிய மைதானம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. முடிவெடுக்க ஒருவர் போதும், அடுத்த பருவத்துக்கே அணி தயாராகிவிடும்.

கணக்குப் போட்டால்தான் இடிக்கிறது. 22 வீரர்கள், ஆளுக்கு மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 கோடியே 58 இலட்சம். சொந்த மைதானத்தில் 10 ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 2,000 பேர், டிக்கெட் 300 ரூபாய் என்றால் வருவது 60 இலட்சம். மீதி ஏறக்குறைய ஒரு கோடியை அந்த ஒருவர் ஆண்டுதோறும் போட வேண்டும். அவருக்குத் தொழில் நொடித்தால் அணியும் அன்றே கலைந்துவிடும்.

சம்பளம் என்ற சொல்லை நான் இலேசாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு பின்கள வீரன் இருந்தான். தலையால் பந்தை வெட்டுவதில் அவனுக்கு நிகரில்லை. கட்டாருக்குப் புறப்பட்ட அன்று தன் பூட்ஸைக் கழுவி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, தம்பியின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அப்போது அவனுக்கு வயது 21. மாதச் சம்பளம் தரும் ஒரு கழகம் இங்கே இருந்திருந்தால் அவன் போயிருக்க மாட்டான் என்று இன்றும் நம்புகிறேன்.

சிறிய நகரத்தால் முடியாது என்பவர்களுக்கு இந்தியாவின் மிசோரம் மாநிலத் தலைநகர் ஐஸ்வாலைக் காட்டுவேன். சுமார் 3 இலட்சம் பேர் வாழும் அந்த மலைநகரத்தின் கழகம் 2017இல் இந்தியாவின் ஐ-லீக் கிண்ணத்தை வென்றது. அங்கும் உரிமையாளர் ஒரு தொழிலதிபர்தான். ஆனால் 2012இலேயே மிசோரம் தனக்கென்று ஒரு லீக்கைத் தொடங்கி, உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியின் ஆதரவோடு வீடு வீடாகக் கொண்டுசேர்த்திருந்தது. அந்த அடித்தளம் இங்கே இன்னும் போடப்படவில்லை.

ஆகவே நான் கரையோர அணியின் பக்கம். 2012 கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சேர்ந்து 11 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அவர்களில் 5,000 பேர் மாதம் 200 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம். டிக்கெட் பணத்தையும் சேர்த்தால் சம்பளம் போக 21 இலட்சத்துக்கு மேல் மிஞ்சும். கொழும்புப் பயணங்களுக்கு அதை ஒதுக்கலாம்.

இதன் சிக்கல் பணத்தில் இல்லை. போர்க்காலக் காயங்கள் ஆறாத தமிழ், முஸ்லிம் ஊர்கள் இந்தக் கரையோரச் சாலையில் அடுத்தடுத்து நிற்கின்றன. வெபரில் மட்டும் ஆடும் அணிக்குக் கல்முனைக்காரர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அவர் கேட்பது நியாயம். ஐந்து ஆட்டங்கள் வெபரில், ஐந்து கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் நடக்கட்டும். வெள்ளி நண்பகலில் ஆட்டம் வேண்டாம். நோன்பு மாதத்தில் பயிற்சி நேரத்தை மாற்றலாம். நிர்வாகத்தில் எந்த ஊருக்கும் பெரும்பான்மை இருக்கக் கூடாது. பேச்சு நீளும், சிலர் கோபித்துக்கொண்டு எழுந்தும் போவார்கள். இருந்தாலும் ஏறாவூர்ப் பையன் அடித்த கோலுக்கு ஆரையம்பதியில் கைதட்டல் எழுவதைக் காண நான் எத்தனை கூட்டத்துக்கும் போவேன்.

முதல் கூட்டத்தை மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையே களுவாஞ்சிகுடியில் வைக்கலாம். இரு பக்கத்தாரும் பஸ்ஸில் வந்து பொழுதோடு வீடு திரும்பிவிடலாம்.