அம்மா ரூமுக்கு 1.5 டன் ஏசி, மாடிக்கு 1 டன்: மூணு வருஷம் கழிச்சு மாத்திப் போட்ட அனுபவம்

நாங்க தாம்பரம் பக்கம் தனி வீடு, கீழ ஒரு பெட்ரூம் மேல ஒரு பெட்ரூம். 2021 ஏப்ரல்ல ரெண்டுக்கும் ஒரே நாள்ல ஏசி வாங்கினோம். கீழ அம்மா ரூம் 14க்கு 11, மேல எங்க ரூம் 12க்கு 10. கடைல இருந்த தம்பி சதுர அடிய மட்டும்தான் கேட்டாரு, 120 வரைக்கும் 1 டன் போதும் சார், அதுக்கு மேலன்னா 1.5 டன்னு சொல்லி ரெண்டு நிமிஷத்துல பில் போட்டுட்டாரு. எந்த மாடி, வெயில் எந்தப் பக்கம் அடிக்குது, எத்தனை பேர் படுப்பீங்க, எதையுமே கேக்கல.

மேல ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ, அதுலயும் மேற்கு பாத்த சுவரு. பகல் பூரா வெயில்ல காஞ்ச கான்கிரீட் ராத்திரிதான் அந்த சூட்ட உள்ள விட ஆரம்பிக்கும். மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுவத்துல கை வச்சா காய்ச்சல் அடிக்குற பிள்ளையோட நெத்தி மாதிரி இருக்கும். நாங்க ரெண்டு பேரு, பையன் ஒருத்தன், 24ல வச்சுட்டுப் படுத்தா ஒரு மணிக்கு எழுந்து பாக்கும்போதும் ரூம் 28லயே நிக்கும். இன்வெர்ட்டர் ஏசிதான், ஆனா செட் பண்ண டெம்பரேச்சர் வந்தாதானே கம்ப்ரசர் வேகத்தக் குறைக்கும், அது வரவே இல்ல, விடிய விடிய ஃபுல் ஸ்பீடுதான். இன்னொரு விஷயம், ஏசில போட்டிருக்கற கெப்பாசிட்டி வெளிய 35 டிகிரி இருக்கும்போது அளந்தது, நம்ம ஊர்ல 40 தாண்டி அவுட்டோர் யூனிட்டும் மொட்டை மாடி வெயில்ல கிடந்தா அந்த கூலிங் வராது.

கரண்ட் பில்லு அதவிடக் கொடுமை, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டிட்டா நம்ம ஸ்லாப்பே வேற, கடைசி யூனிட்டுக்கு மட்டும் இல்ல 101வது யூனிட்லேர்ந்தே ரேட் ஏறிடும்.

கீழ கதை நேர் எதிர். அந்த ரூமுக்கு வெயிலே கிடையாது, பக்கத்து வீட்டு நிழல், மேல இன்னொரு ரூம் இருக்கு, படுக்குறது அம்மா ஒருத்தங்கதான். அங்க போட்டது சாதா 1.5 டன், இன்வெர்ட்டர் கிடையாது. போட்ட பத்து நிமிஷத்துல சில்லுன்னு ஆகி கம்ப்ரசர் கட் ஆயிடும், கொஞ்ச நேரத்துல திரும்ப ஓடும், திரும்ப கட். அம்மா தினம் ஒரே கம்ப்ளைண்ட், குளிருது ஆனா நசநசன்னு இருக்கு, பெட்ஷீட் ஈரமா இருக்குன்னு. நான் முதல்ல நம்பல. அப்புறம்தான் புரிஞ்சுது, கம்ப்ரசர் தொடர்ந்து ஓடினாதான் ஏசிக்குள்ள இருக்கற சில்லுன்ன காயில்ல ஈரம் படிஞ்சு தண்ணியா வெளிய போகும், சட்டு சட்டுன்னு நின்னா ஃபேன் அந்த ஈரத்தையே திரும்ப ரூம்ல ஊதிடும். சென்னை மாதிரி கடலோரத்துல இது ரொம்ப முக்கியம், ஏசி பெருசா இருந்தா நல்லதுதானேன்னு நினைக்காதீங்க.

2024 மார்ச்சுல சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் அண்ணன்தான் ரெண்டு ரூமையும் பாத்துட்டு, தம்பி ரெண்டையும் மாத்திப் போடுங்க, புதுசு எதுக்குன்னாரு. கூலிங் கேஸ அவுட்டோர் யூனிட்லயே லாக் பண்ணிக் கழட்டினாரு, காப்பர் பைப் சைஸ் வேறங்கறதால பைப் மட்டும் புதுசு, ஒரு நாள் வேலை. கூடவே மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சேன்.

வித்தியாசம் தெரிஞ்சது ஏசி தண்ணி வெளிய வர்ற பைப்புக்குக் கீழ வச்ச பக்கெட்லதான். முன்னாடி அம்மா ரூம் பக்கெட் காலைல கால்வாசிதான் இருக்கும், இப்ப அந்த 1 டன் இன்வெர்ட்டர் ராத்திரி பூரா மெதுவா ஓடி பக்கெட்ட நிரப்பி வச்சிருக்கு. அம்மா 26ல வச்சு ஃபேன ஒண்ணுல போட்டுட்டுத் தூங்கறாங்க, நசநசப்புன்னு ஒரு வார்த்தை வரல. மேல 1.5 டன் பதினொரு மணிக்கெல்லாம் 25க்கு வந்துடுது.

வாங்கப் போறவங்க ஒண்ணு பண்ணுங்க, 1.5 டன்னு எழுதியிருக்கறத மட்டும் பாக்காம ஸ்டார் லேபிள்ல கூலிங் கெப்பாசிட்டி வாட்ல போட்டிருக்கும், அதப் பாருங்க. 1 டன்னா மணிக்கு 12,000 பிடியு (சூட்ட அளக்குற யூனிட்) சூட்ட வெளிய தள்ளுறது, சுமார் 3,500 வாட். அந்தக் கணக்குக்கு 1.5 டன் 5,200 கிட்ட வரணும், ஆனா அதே பேர்ல 4,800 வாட் மாடலும் விப்பாங்க. மேல் மாடி மேற்கு ரூமுக்கு அந்த 400 வாட்டே பெரிய விஷயம். கீழ் வீடு நிழல் ரூம்னா 150 சதுர அடிக்கும் 1 டன் தாராளம், என் வீட்லயே பாக்குறேன்.

மேற்கு சுவரு மட்டும் இன்னும் கொதிக்குது. வெளிப்பக்கம் ஒரு அடி தள்ளி ஷேட் நெட் கட்டச் சொல்லியிருக்கேன், அடுத்த மே போனதும் அது எப்படின்னு எழுதுறேன்.